வயிரவேளுக்கு ஏனாதிப் பட்டம் கிடைத்த கதை

அந்த நாட்டில் படைத்தலைவர்களுக்குப் பஞ்சமில்லை, குதிரைமேல் விழாமல் உட்காரத் தெரிந்தவனெல்லாம் படைத்தலைவன்தான், ஆனால் ஏனாதி என்று ஒரு நேரத்தில் ஒருவன்தான் இருக்க முடியும், அவனுக்கு மேலே அரசன், அரசனுக்கு மேலே ஆகாயம், நடுவில் வேறு யாரும் கிடையாது. ஏனாதிப் பட்டம் என்பது ஒரு மோதிரம். அதை விரலில் போட்டுக்கொள்ள வேண்டுமானால் யாராலும் பிடிக்க முடியாத கோட்டை ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும். உடம்பில் தழும்பு இருந்தால் அது முன்பக்கம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஊர் ஆட்களை அவன் அதிகமாகச் சாகக் கொடுத்தானோ அந்த ஊர் மக்களே, யாரும் மிரட்டாமல், யாரும் கேட்காமல், அவன் பெயரைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதியை வைத்தவன் எந்தக் காலத்து அரசனோ, நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பான். ஏனென்றால் அங்கே குடிமக்கள் படைத்தலைவன் பெயரைச் சொல்வது வழக்கமில்லை, தலைவர் என்பார்கள், அவுக என்பார்கள், பெயரைச் சொன்னால் நாக்கு இருக்காது என்று பயம், சாமியை மட்டும்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆளைப் பறிகொடுத்த ஊரே ஒருவன் பெயரைச் சொல்கிறது என்றால் அவன் சாமிக்குச் சமானம் என்று அந்த நல்ல அரசன் கணக்குப் போட்டிருக்கிறான். ஊர் ஊராகப் போய்க் கேட்டு வந்து சொல்வதற்கென்றே அரண்மனையில் செவியர்கள் என்று ஆட்கள் இருந்தார்கள், கேட்பது மட்டுமே அவர்கள் உத்தியோகம்.

வயிரவேள் என்ற படைத்தலைவனிடம் முதல் இரண்டும் இருந்தன. கானக்கோட்டையை அவன் பிடித்திருந்தான். கன்னத்தில் ஒரு தழும்பும் இருந்தது, சின்ன வயதில் கன்றுக்குட்டி முட்டியது என்று அவன் ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள், முட்டியது யார் என்று விதி கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றை அவனுக்குக் கொடுத்தது எழுகேணி என்ற ஊர், அதிலும் சேந்தி என்ற பெண். எப்படிக் கொடுத்தாள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எழுகேணிக்காரர்கள் கேணி வெட்டுகிறவர்கள். நாட்டில் எந்தக் கரட்டில் எந்த ஆழத்தில் தண்ணீர் இருந்தாலும் தோண்டிக் கொண்டுவந்து விடுவார்கள், தங்கள் வயலுக்கு ஏற்றம் போட்டுப் பாட்டுப் பாடி இறைப்பார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் குழிக்குள் இறங்கினால் கரையில் ஒருத்தர் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவன் உள்ளே இருந்து ஓ என்று பதில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பதில் நின்றால் உள்ளே விஷக்காற்று, உடனே கயிற்றை இழுத்துவிடுவார்கள். சேந்திக்குப் புருஷன் இல்லை, ஒரே மகன். அவன் வெட்டிய கேணிகள் அத்தனையிலும் கரையில் உட்கார்ந்து கூப்பிட்டது அவள்தான், அவள் குரல் இரண்டு காடு தாண்டிக் கேட்கும். அவன் பெயரை இந்த இடத்தில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, வரும்போது சொல்கிறேன்.

கானக்கோட்டை ஒரு பெரிய ஏரிக்கரையில் இருந்தது. மதிலை ஏறவும் முடியவில்லை, இடிக்கவும் முடியவில்லை என்றானதும் வயிரவேள் எழுகேணிக்கு ஆள் அனுப்பி இளவட்டங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனான், மதிலுக்கு அடியில் சுரங்கம் வெட்டி, மரத்தூண் முட்டுக்கொடுத்து, முடிந்ததும் தூண்களைக் கொளுத்திவிட்டால் மதில் தானாக உட்கார்ந்துவிடும் என்பது ஏற்பாடு. சுரங்கம் வெட்டும்போது மேலிருந்து யாரும் யார் பெயரையும் கூப்பிடக் கூடாது, எதிரி காதில் விழுந்துவிடும் என்று உத்தரவு. எழுகேணிக்காரர்கள் முதன்முதலாகப் பெயர் கூப்பிடாத குழிக்குள் இறங்கினார்கள். அடைமழை பிடித்துக்கொண்டு தூண்கள் நனைந்து தீப்பிடிக்க மறுத்தன. அதற்குள் இன்னொரு படைத்தலைவன் உதவிக்கு வருகிறான், நாளைக்கு வந்துவிடுவான் என்று செய்தி வந்தது, அவன் வந்தால் வெற்றியில் பாதி அவனுக்கு. வயிரவேள் ஏரிக்கரையை வெட்டிச் சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டான். மதில் உட்கார்ந்தது. உள்ளே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த எழுகேணி ஆட்கள் ஒருவரும் வெளியே வரவில்லை.

மண் சுமந்து வெளியே வந்திருந்த மூவன் மட்டும் ஊர் திரும்பினான். அவன் சேந்திக்குக் கொழுந்தன் முறை. அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் சொன்னான்.

“ஒரு சத்தம் போதும் மதினி. பேரச் சொல்லி ஒரு சத்தம் குடுத்திருந்தா அத்தன பேரும் வெளிய வந்திருப்பாக. நான் வாயத் தொறந்தேன். கழுத்துல கத்திய வச்சுட்டாக.”

“யாரு வச்சது?” என்று கேட்டாள் சேந்தி.

“அவுகதான். தலைவரு.”

எழுகேணியில் செத்தவனுக்குக் கல் நடுவார்கள். கல்லுக்குத் தண்ணீர் விட்டு, பெற்றவளோ கட்டினவளோ பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அவன் வந்து கல்லில் உட்கார்ந்துகொள்வான், அப்புறம் படையல் சாப்பிடுவான், ஊரைப் பார்த்துக்கொள்வான். கூப்பிடாவிட்டால் அது வெறும் கல், ஆடு வந்து முதுகு தேய்த்துக்கொள்ளும், அவன் எங்கே விழுந்தானோ அங்கேயே கிடப்பான். கற்களை ஊருக்கு மேற்கே வரிசையாக நட்டார்கள். ஊரே கூடி நிற்க, முதலில் சேந்தி குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் விட்டு, கேணிக்கரையில் உட்கார்ந்து கூப்பிடும் அதே குரலில் மகனைக் கூப்பிட்டாள். வாயிலிருந்து “வயிரவேள்” என்று வந்தது.

துக்கத்தில் நாக்குப் புரண்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்து மறுபடி கூப்பிட்டாள், மறுபடி அதுவே வந்தது. அடுத்த கல்லில் ஒருத்தி புருஷனைக் கூப்பிட்டாள், வயிரவேள். அதற்கடுத்த கல்லில் ஒரு தகப்பன், வயிரவேள். வெயில் ஏறும்வரை மேற்குப் புறம் முழுக்க அந்த ஒரே பெயர் கேட்டுக்கொண்டிருந்தது, கற்கள் வெறும் கற்களாக நின்றன, ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தார்கள்.

பிறகு அதோடு வாழப் பழகினார்கள், வேறென்ன செய்வது. செத்தவன் நினைப்பில் அவன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் அந்தப் பெயர் வரும், மற்றபடி பேச்சில் ஒரு குறையும் இல்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். கல் கொத்துகிறவன் உளியால் எழுதிப் பார்த்தான், எந்த எழுத்தில் ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தப் பெயர்தான் கல்லில் இருந்தது, அவன் உளியைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மி கொத்தப் போனான். ஒரு கெட்டிக்காரி, செத்துப்போன தன் தம்பியின் பெயரே எதிர்வீட்டுப் பையனுக்கும் இருப்பதால், அவனை மனதில் வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் கூப்பிட்டாள், பெயர் சுத்தமாக வந்தது. இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்றால் யாரை நினைத்தாயோ அவன்தான் வந்து உட்காருவான் என்று பூசாரி சொல்ல, எதிர்வீட்டுப் பையன் அலறிக்கொண்டு மாமன் ஊருக்கு ஓடிப்போனான், அவன் அம்மா அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். செத்தவர்களைச் சுற்றி வளைத்துச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள், தெற்குக் கேணியில் பாறை கண்டவன், கஞ்சிக்கு உப்புக் கேட்காதவன், கல்யாணத்தன்று வயிற்றுப்போக்கு வந்தவன் என்று. சேந்தியும் “எம் மவன்” என்று சொல்லிப் பார்த்தாள், அது பெயரில்லையே, ஊரில் மகன் இல்லாதவள் யார், எந்த மகன் வருவான். பிறந்து தகப்பனைப் பார்க்காத குழந்தைகள், அப்பா பேர் என்ன என்று அம்மாவைக் கேட்டன, அம்மாக்கள் வாயைத் திறந்து அவமானப்பட்டார்கள், அந்தப் பிள்ளைகள் வழியில் போகிற காவல்காரர்களிடம் நான் வயிரவேள் மகன் என்று சொல்ல, காவல்காரர்கள் ஒதுங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதை வைத்து, எழுகேணியில் எத்தனை பெண்களுக்கு ஒரே புருஷன் என்று சந்தையில் சிரித்தார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துத் திட்டினார்கள். அந்தத் திட்டைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.

“அவுக கையில புத்து வைக்க.”

“அவுக குதிரையில இருந்து விழுந்து சாக.”

“அவுக நல்லாவே இருக்க மாட்டாக.”

நாசமாய்ப் போகச் சொல்லும்போதுகூட மரியாதை குறையவில்லை. வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பைப் பார்த்துத் திட்டினாலும் அவுக, அவுக. ஒருவருக்கும் அவன் பெயரைத் தாங்களாக எடுத்து அவன் முகத்தில் எறியத் தோன்றவில்லை, வேண்டாத நேரத்தில் வாயில் வந்து விழுந்துகொண்டிருந்த பெயரை வேண்டி ஒருமுறை சொல்ல யாருக்கும் தைரியமில்லை. பயம் என்பது அப்படித்தான், முதலில் மரியாதை மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு எழுந்து போகாது.

சேந்திக்குத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. மகன் செத்தது அவளுக்குத் தெரியும், அதை அவள் தாங்கிக்கொண்டாள். அவன் இன்னும் அந்தக் குழிக்குள் கிடக்கிறான், கரையில் உட்கார்ந்திருக்கிற தான் கூப்பிடவில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் கேணியடியில் நின்றிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் ஊரில் யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். கேணிக்குள் செத்த நாய் விழுந்து தண்ணீர் நாறிப்போனால் என்ன செய்வோம், அடி மண் தெரிகிறவரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புது ஊற்றுக்குக் காத்திருப்போம்.

“இதையும் எறைச்சிருவோம்” என்றாள் ஊர்த்தலைவர் பெருஞ்சாத்தனிடம். அவர் அவளுக்கு மாமா முறை. “நம்ம தொண்டையில அவுக பேரு விழுந்து கெடக்கு மாமா. நம்ம ஆளுகளக் கூப்பிடுவோம். விடாமக் கூப்பிடுவோம். வர்றது வரட்டும், வெளிய கொட்டட்டும். எத்தன நாளைக்கி அந்தப் பேரே வரும், ஒருநா தீந்துதான ஆவணும். அதுக்கடியில எம் புள்ள பேரு ஊறிக் கெடக்கும்.”

பெருஞ்சாத்தன் பயந்த மனிதர், ஆனால் அவருக்கும் இரண்டு மகன்கள் போயிருந்தார்கள். “செய்யி தாயி” என்றார்.

ஊர் நடுவில் கூடினார்கள். ஏற்றப்பாட்டு மாதிரி முறை வைத்துக்கொண்டு, சேந்தி எடுத்துக்கொடுக்க, ஒரு வரிசை தங்கள் ஆட்களைக் கூப்பிட்டது, அடுத்த வரிசை வாங்கிக்கொண்டு தங்கள் ஆட்களைக் கூப்பிட்டது, களைத்தவர்கள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள், வயலுக்குப் போனவர்கள் வயலில் நின்று கூப்பிட்டார்கள், மாடு மேய்த்தவர்கள் காட்டில் நின்று கூப்பிட்டார்கள், கிழவர்கள் கூப்பிட்டார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் கூப்பிட்டார்கள், கண்ணீரும் சளியும் ஒழுக நெஞ்சில் அடித்துக்கொண்டு அத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளையும் புருஷன்மார்களையும் கூப்பிட, எழுகேணியின் மேலே வயிரவேள் வயிரவேள் என்று ஒரு முழக்கம் எழுந்து காற்றடிக்கும் பக்கமெல்லாம் போனது. அந்தக் காற்றில்தான் செவியர்கள் இருவர் வந்தார்கள்.

மடையடியில் நின்று கேட்டார்கள். அவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை, அழுகிற சத்தம் எது, வாழ்த்துகிற சத்தம் எது என்று பிரித்தறிவதுதானே உத்தியோகம். மூவன் ஓடிப்போய் அவர்கள் காலில் விழுந்து, அய்யா இது அது இல்லை, நாங்கள் எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிறோம், வாயில் இப்படி வருகிறது என்று நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னான். மூத்த செவியர் பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்வதை நம்புகிறேன், தம்பி. ஆனால் உங்களை யாராவது மிரட்டினார்களா?”

“இல்ல அய்யா.”

“யாராவது கேட்டுக்கொண்டார்களா?”

“இல்ல.”

“பெயர் வருகிறதல்லவா?”

மூவன் தலையை ஆட்டினான். “ஏன் வருகிறது என்பது விதியில் இல்லை” என்றார் செவியர். பாட்டை எடுத்துக்கொடுக்கிற அந்த அம்மாள் யார் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள்.

இப்படித்தான் வயிரவேளுக்கு ஏனாதிப் பட்டம் கிடைத்தது. வேறு எந்தப் படைத்தலைவன் பெயரையும் ஒரு ஊர் முழுவதும் இப்படி வாய் ஓயாமல் சொன்னதில்லை என்று அரண்மனையில் ஆச்சரியப்பட்டார்களாம். முன்னின்று பாடிய பெண்ணே மோதிரத்தை வெற்றிலையில் ஏந்திக் கொடுக்கட்டும் என்று அரசன் சொல்லிவிட, சேந்தியையும் ஊராரையும் அழைத்துப்போக வண்டிகள் வந்தன. வராவிட்டால் என்ன ஆகும் என்று வண்டியோடு வந்த வீரர்கள் சொல்லவில்லை, கையில் வேல் இருக்கும்போது எதற்குச் சொல்ல வேண்டும். தான் இறைத்துக் கொட்டிய தண்ணீர் அத்தனையும் அவன் வயலுக்குப் பாய்ந்துவிட்டதே என்று சேந்தி வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெருஞ்சாத்தன் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

“வெத்தலய நீட்டு. தல குனிஞ்சுக்க. தலைவரேன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். அவுக மனசு கோணாம நடந்துக்கிடு தாயி, நமக்கு இருக்கிற மிச்சத்தயாவது காப்பாத்துவோம்.”

அரசவையில் அவனை முதன்முதலாகப் பார்த்தாள். பெரிய ராட்சசனாக இருப்பான் என்று நினைத்திருந்தாள், பார்த்தால் ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிற ஒரு நடுத்தர வயது மனிதன், கன்னத்தில் கன்றுக்குட்டி முட்டிய தழும்பு. அவள் வெற்றிலையை ஏந்தி முன்னால் போனாள். ஊரார் பின்னால் தலைகுனிந்து நின்றார்கள். அவன் மோதிரத்தை எடுக்கக் கையை நீட்டியவன், சபை பார்க்கிறதே, இந்த ஏழைப் பெண்ணிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசுவோம் என்று நினைத்தானோ என்னவோ, கேட்டான்.

“அம்மா, உன் மகனும் எனக்காகப் போரிட்டவன் என்று சொன்னார்கள். அவன் பெயர் என்ன?”

கேட்டதும் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது, தன் மகன் பெயரை இத்தனை நாளில் ஒருவர் கேட்கிறார் என்பது ஒன்றே நினைவிருக்க, மார்பெல்லாம் விம்மிச் சொல்ல வாயைத் திறந்தாள்.

“வயிரவேள்” என்று வந்தது.

அவன் முகம் மலர்ந்தது. “என் பெயரையே வைத்திருக்கிறாயா” என்று சொல்லிச் சபையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் சேந்திக்குள் இருந்த மரியாதை அறுந்து விழுந்தது. குழிக்குள் கிடக்கிறவனை அவள் மறந்தாள், ஊரை மறந்தாள், பெருஞ்சாத்தனை மறந்தாள், எதிரே நிற்கிறவன் ஒருவன்தான் தெரிந்தான், இவன், அவுக இல்லை, தலைவர் இல்லை, இவன், மழை விடுகிறவரை பொறுக்க மாட்டாமல் கரையை வெட்டிவிட்டவன், இவனை இவன் பெயர் சொல்லி, அடே என்று, பல்லை உடைக்கிற மாதிரிக் கூப்பிட வேண்டும் என்று, கேணிக்கரையில் கூப்பிடுகிறவளின் முழுக் குரலையும் எடுத்துக் கத்தினாள்.

“அடே வேம்பா.”

சபை திகைத்தது. யார் அந்த வேம்பன் என்று மந்திரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேம்பன் அவள் மகன். பட்டாம்பூச்சியைப் பார்த்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிற்பான், இருபது வயதாகியும் இருட்டென்றால் பயப்படுவான், அம்மா கூப்பிடுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்குவான். அவள் மறுபடி வயிரவேளை முறைத்து, அவன் பெயரை மனம் நிறைய நினைத்து, “நீ வெளங்குவியா வேம்பா” என்றாள். மறுபடி வந்தது. பின்னால் நின்ற மூவனுக்கு அது விளங்கிவிட்டது. அவன் நிமிர்ந்து படைத்தலைவன் முகத்தைப் பார்த்து அவனைப் பெயர் சொல்லித் திட்ட, தன்னோடு மண் சுமந்த தோழன் பெயர் வெளியே வந்தது. ஒருத்தி புருஷன் பெயரைத் திரும்பப் பெற்றாள். ஒரு கிழவர் பேரன் பெயரைப் பெற்றார். பெருஞ்சாத்தன்கூட, அந்தப் பயந்த மனிதர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கைநீட்டி, “ஒன் குலம் அத்துப்போக” என்று ஒருமையில் தொடங்கி மகன்கள் இருவரையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டார். அரசவை முழுக்க எழுகேணிப் பிள்ளைகளின் பெயர்கள்.

அதனால் வயிரவேளுக்கு ஒரு குறைவும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இது ஏதோ இவர்கள் ஊர் வாழ்த்து முறை என்று அரசன் நினைத்துக்கொண்டான், மோதிரத்தைச் சேந்தி கையிலிருந்து ஒருவன் வாங்கி அவன் விரலில் போட்டுவிட்டான், முரசு அடித்தது, விருந்து நடந்தது. அவன் ஏனாதி ஆனான். விதி நிறைவேறிவிட்டது.

எழுகேணிக்காரர்கள் ஊர் திரும்பிய அன்றே மேற்குப் புறம் போய், ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நின்று, வயிரவேளை நினைத்து, அவன் செய்ததை நினைத்து, அவன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள், செத்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயர் கேட்டு வந்து கல்லில் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருமுறை கூப்பிட்டால் போதாது, படையல் வைக்கும்போதெல்லாம் கூப்பிட வேண்டும். அதில் ஒரு சங்கடம் இருந்தது. கோபம் இருந்தால்தான் பெயர் வந்தது. ஏனாதி ஆன பிறகு வயிரவேள் எழுகேணிக்கு நல்லெண்ணமாகக் கறவை மாடுகள் அனுப்பினான், ஒருத்தி வாங்கிக் கட்டினாள், நல்ல பால் மாடு, பிள்ளைகள் தேறின, அடுத்த படையலுக்கு அவள் கல்லின் முன் நின்று திட்டியபோது அதில் காரமில்லை, திட்டு முடிவதற்குள் மனம் புருஷன் பக்கம் போய்விட்டது, வயிரவேள் என்றுதான் வந்தது. அன்று மாலையே மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். அதிலிருந்து அந்த ஊரில் கோபம் ஒரு வேலையாகிவிட்டது, கேணி தூர்வாருவதுபோல வருஷா வருஷம் விதைப்புக்கு முன்னால் எல்லோரும் கூடி, சுரங்கத்தையும் மழையையும் மூவன் கழுத்தில் வைத்த கத்தியையும் முதலிலிருந்து சொல்வார்கள், புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்களுக்கும் பிறக்கிற பிள்ளைகளுக்கும் சொல்வார்கள், கோபம் வராத பிள்ளையைக் கேலி செய்வார்கள். அப்படி வளர்கிற ஊரில் சிரிப்புக் குறைவுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

சேந்திக்கு முடி முழுக்க நரைத்த பிறகு ஒரு கோடை நடுப்பகலில் வயிரவேள் வந்தான். தனியாக, நடந்து, காலில் செருப்பில்லாமல் வந்தான். விரலில் மோதிரம் இல்லை, மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. சேந்தி கல்லடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே வந்து மண்ணில் உட்கார்ந்து, கும்பிட்டான்.

“தண்ணி” என்றான்.

எழுகேணியில் தண்ணீர் இல்லை என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. அவள் குடத்தைச் சாய்த்தாள், அவன் கையேந்திக் குடித்தான், பாதி வழிந்து தாடியை நனைத்தது. குடித்துவிட்டுச் சொன்னான்.

“பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அம்மா. அந்த மழை மறுநாள் விட்டுவிட்டது. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். இன்னொருவன் வந்துவிடுவான் என்றுதான் பொறுக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் சாகக் கூடாது என்று வந்தேன். என்னை மன்னித்துவிடு.”

அவன் அழுதான். வேஷம் இல்லை, எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்தவளுக்கு அது தெரியாதா. வெயிலில் வெடித்த அந்தக் கிழட்டுப் பாதங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளே ஏதோ இளகிக்கொண்டு வந்தது, பாவம், இவனையும் யாரோ ஒருத்தி பெற்றுத்தானே வளர்த்திருப்பாள் என்று தோன்றியது. தோன்றியதும் திக்கென்றது. கல்லைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தாள்.

“வயிரவேள்” என்று வந்தது.

“பாத்தியா” என்று அவள் சொன்னாள். “எந்திரி. எந்திரிச்சுப் போயிரு.”

“நான் என்ன செய்தால் உன் மனசு ஆறும்?”

“ஆறக் கூடாது. அதத்தான சொல்லுதேன். நீ திருந்தினா அது ஒம் பாடு, எனக்கு எம் மவன் வேணும். எம் முன்னால நல்லவனா வந்து நிக்காத.”

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எழுந்து, தடுமாறி, கற்களுக்கு நடுவே வழி தேடிப் போனான். நிழலே இல்லாத பாதை, அடுத்த ஊருக்கு வெகுதூரம். இன்னும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ என்று எவனிடமும் சொல்லக்கூடியவள் அவள், வழியில் போகிற திருடனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், இவனிடம் சொல்ல முடியவில்லை, சொன்னால் வேம்பன் கல்லைவிட்டு இறங்கிப்போவான். பிள்ளையை எடுத்துக்கொண்டான், பெயரை எடுத்துக்கொண்டான், வயதான காலத்தில் ஒரு கிழவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று நினைக்கிற சுகத்தையும் எடுத்துக்கொண்டு போகிறானே என்று நினைத்ததும், அடிவயிற்றிலிருந்து அவளுக்குப் புதிதாக ஒரு கோபம் வந்தது, எத்தனையோ வருஷமாக வராத நல்ல சூடான கோபம். அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு, போகிறவன் முதுகைப் பார்த்து, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வேம்பா என்று பிசகில்லாமல் வந்தது.